சேலைக்குப் பின்னால்

அவளோடு பத்து நிமிடம் பேசினால் எனக்குத் தலைவலி வந்துவிடும். ஒரு நாள் பேசாமல் இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. மதுரை பழங்காநத்தத்தில் என் தையல் கடைக்கு நேர் எதிர் வீட்டு மாடியில் இருந்தாள். ஒரு ஆட்டோ வந்தால் எதிரே வருகிற ஆட்டோ நின்று வழிவிட வேண்டிய தெரு. அவள் மாடியில் தும்மினால் எனக்குக் கடையில் கேட்கும்.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்ததும் நேராகக் கடைக்குள் நுழைவாள். வெட்டிப்போட்ட துணிகளை ஒதுக்கிவிட்டு ஸ்டூலில் உட்காருவாள். நான் அன்றைய கதையை ஆரம்பிப்பேன். கதை என்றால் தெருக்கதைதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"மூணாவது வீட்டுக்காரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போறா டீச்சரு. ரவிக்கை லேட்டாயிருச்சுன்னு எம்மேல அம்புட்டுக் கோவம்."

"மூஞ்சியப் பார்த்தே, சரி. கோவத்த எங்கன பார்த்தே?"

"மூஞ்சிலதான்."

"மூஞ்சில என்ன இருந்துச்சு?"

"வாய இறுக்கி மூடிக்கிட்டுப் போனா."

"அப்ப அத மட்டும் சொல்லு. வாய மூடிக்கிட்டுப் போனா. அது பார்த்தது. மத்தது நீ சேர்த்தது."

மறுநாள் அந்த மூன்றாவது வீட்டுக்காரி கன்னம் வீங்கி வந்து நின்றாள். முந்தின நாள் பல் பிடுங்கினாளாம், வாயில் பஞ்சை வைத்துக் கடித்துக்கொண்டு போனாளாம். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. பல் பிடுங்கினவள் மேல் இல்லை, டீச்சர் மேல்.

நான் அவளை டீச்சரு என்பேன். அவள் என்னை டெய்லரம்மா என்பாள். இருவருக்கும் ஒரே ஊர், உசிலம்பட்டி போகிற வழியில் உள்ளே தள்ளி. ஏறக்குறைய ஒரே வயது. இருந்தாலும் அக்கா, மதினி என்று முறை வைத்துக் கூப்பிட எங்கள் தெருவுக்கும் அவர்கள் காலனிக்கும் நடுவே வழி கிடையாது. அவள் அப்பாவும் அம்மாவும் எங்கள் வயலில் நாற்று நட்டவர்கள். அவள் படித்து, மதுரைக்கு வந்து, கல்லூரியில் வேலை வாங்கி, வீடும் வாங்கினாள். நான் கல்யாணமாகி வந்தேன். எதிரெதிர் வீடு என்று தெரிந்த அன்றைக்கு இருவருக்குமே பேச்சு வரவில்லை. ஒரு ரவிக்கையைத் தைக்கக் கொடுத்துத்தான் அவள் பேச்சை ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு எல்லாம் பேசினோம், ஊரைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அவள் டாக்டர் பட்டம் வாங்கினது மனசைப் பற்றி. ஆஸ்பத்திரியில் பார்க்கிற மனசு இல்லை. புத்த மதத்தில் விஞ்ஞானவாதம் என்று ஒரு கட்சி இருக்கிறதாம். காஞ்சிப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் பிக்குகள் உட்கார்ந்து இதை வாதாடியிருக்கிறார்களாம். வெளியே இருக்கிற பொருள் என்று நாம் நினைப்பதெல்லாம் மனசு காட்டுகிற காட்சி என்பது அவர்கள் வாதம். அவள் அப்பா காலத்திலேயே அவர்கள் வீட்டுச் சுவரில் புத்தர் வந்துவிட்டார். ஆனால் இந்தக் கட்சியை அவள் தானாகத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

முதல் தடவை அவள் இதைச் சொன்னபோது நான் கையிலிருந்த ஊசியைக் காட்டினேன்.

"அப்ப இதும் மனசுதானா? குத்தவா?"

"குத்து. வலிக்கும். வலி பொய்யின்னு நான் சொல்லலயே."

"பெறகு என்னதான் சொல்ற?"

அவள் கடைக்குள் சுற்றிப் பார்த்தாள். அன்று காலை ஒரு கல்யாண ரவிக்கையால் எனக்கு ஒரு சண்டை நடந்திருந்தது. பெண் இறுக்கம் என்றாள். பெண்ணின் அம்மா தொளதொள என்றாள். கூட வந்த மாமியார் முதுகு இறக்கம் ஜாஸ்தி, இதைப் போட்டுக்கொண்டு மணவறையில் உட்கார முடியாது என்றாள்.

"எத்தன ரவிக்கை தச்சே?"

"ஒண்ணுதான். என் உசிர எடுத்த ஒண்ணு."

"அவுக மூணு பேரும் மூணு ரவிக்கையப் பார்த்திருக்காக. நீ நாலாவது ஒண்ணப் பார்க்குற, கை வலிக்கத் தச்ச ரவிக்கை. யாரும் பார்க்காத வெறும் ரவிக்கைய எனக்குக் காட்டு பாப்போம்."

நான் அதைத் தூக்கி அவள் மடியில் எறிந்தேன். அவள் சிரித்துக்கொண்டே மடித்து வைத்தாள். சிரித்தால் அவளுக்கு மேல் ஈறு தெரியும், அதனால் கையால் மறைத்துக்கொள்வாள்.

இன்னொரு நாள் மனசுக்குள் இருக்கிற கிட்டங்கியைப் பற்றிச் சொன்னாள், சரக்கு அடைத்து வைக்கிற கிடங்கு மாதிரி. கண்ணுக்கு ஒரு அறிவு, காதுக்கு ஒன்று, இப்படி ஐந்து. அதை வாங்கி இது இன்னது என்று பேர் வைக்கிற மனசு ஒன்று. எல்லாவற்றையும் நான், எனது என்று இழுத்துக்கொள்கிற மனசு ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கிட்டங்கி. நாம் செய்தது, நமக்குச் செய்யப்பட்டது, எல்லாம் வித்தாக அங்கே போய் விழுமாம். பூக்கட்டின நாரில் பூ உதிர்ந்த பிறகும் மல்லிகை மணப்பது போல ஒட்டிக்கொள்ளுமாம்.

"நம்மூரு கம்மா வருசக்கணக்கா வறண்டு கெடந்துச்சே, ஞாபகம் இருக்கா? வெடிச்சுப்போன கரம்பை. ஒரு மழை பேஞ்சு தண்ணி நின்னதும் கோரை மொளச்சுச்சே, யாரு வெதச்சா?"

அவள் ஊர்ப்பேச்சை எடுத்தது அன்றுதான். எடுத்த வேகத்தில் நிறுத்திவிட்டு, கழுத்துப் பட்டி பற்றிக் கேட்க ஆரம்பித்தாள்.

இப்படிப்பட்ட பெண்ணோடு யார் குடும்பம் நடத்த முடியும்? அவள் புருஷன் நல்ல மனுஷன், நானே பார்த்திருக்கிறேன். ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் கடை வாசலில் ஆட்டோவுக்கு நின்றார். "ஒரு தடவ கோவிச்சுக்கக்கூட விடமாட்டேங்கிறாங்க. கோவம் எங்கருந்து வந்துச்சுன்னு உக்காந்து தேடச் சொல்றாங்க" என்றார். திருச்சிக்குப் போனவர் திரும்பவில்லை. அழுதாயா என்று அவளைக் கேட்டேன். அழுதேன் என்றாள்.

அவளிடம் எனக்குப் புரியாதது ஒன்று இருந்தது. என் தம்பி பாண்டி கடைக்குள் வந்தால் அவள் எழுந்து போய்விடுவாள். பாதிப் பேச்சில் போய்விடுவாள். பாண்டியும் அவளை ஏறிட்டுப் பார்க்க மாட்டான். கூச்சக்காரி என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவள் வார்த்தையில் சொன்னால், அது நான் சேர்த்தது.

பாண்டி சீரியல் செட், மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். அவனும் அவன் கூட்டாளி முத்துவும் சின்ன வயதிலிருந்து மாப்ள, மாப்ள என்று திரிந்தவர்கள். என் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்தபோது கடைக்கு மேலே எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு அவர்கள்தான் விளக்குக் கட்டினார்கள். மறுநாள்தான் விசேஷம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவளும் வீட்டில் இருந்தாள்.

எங்கள் மொட்டை மாடியில் சந்துப் பக்கம் கைப்பிடிச்சுவர் இல்லை. கட்ட வேண்டும், கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். முத்து அந்த விளிம்பில் உட்கார்ந்து பல்பு கட்டிக்கொண்டிருந்தான். முந்தின நாள் குடித்தது அவனுக்கு இன்னும் தெளியவில்லை. அது பாண்டிக்குத் தெரிந்ததும், கீழே இருந்தே "எறங்குடா கீழ" என்று கத்திக்கொண்டு படி ஏறினான். நான் கடையில் மகளின் பாவாடைக்கு அடி மடித்துக்கொண்டிருந்தேன். மேலே இருவர் குரலும் ஏறியது. பிறகு சந்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடைகிற சத்தம் கேட்டது.

முத்து சந்தில் கிடந்தான். கூரை தாங்கினதால் உயிர் இருந்தது, நினைவு இல்லை. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சத்தத்தைத் தெருவே கேட்டிருந்தது. பாண்டி தள்ளிவிட்டான் என்று யாரோ சொன்னார்கள், அடுத்த நிமிடம் எல்லோரும் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் போலீஸ் அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

பார்த்தது ஒரே ஒருத்திதான். எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள். இன்ஸ்பெக்டர் அவளிடம் போய்க் கேட்டார். "சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து சொல்றேன்" என்றாளாம். அவர் இறங்கி வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னது இதுதான். அந்தம்மா தள்ளினான் என்று சொன்னால் கொலை முயற்சி, முத்து பிழைக்காவிட்டால் கொலை. இல்லையென்றால் தவறி விழுந்த கேஸ்.

என் தம்பியின் ஆயுசு அவள் நாக்கில் நின்றது. நான் தெருவைக் கடந்து அவள் மாடிக்கு ஓடினேன். கதவு திறந்திருந்தது. அவள் வெளியே கொடிப்பக்கம் நின்று ஒரு சேலையை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். காய்ந்த சேலை. எடுத்தாள், திரும்பப் போட்டாள். நகர்ந்து நின்று எங்கள் மாடியைப் பார்த்தாள். மறுபடியும் எடுத்தாள்.

எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

"என் தம்பிய ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டாங்க. நீ துணி காயப்போடுறியா?"

அவள் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"டெய்லரம்மா, நீ இப்ப போயிரு."

"என்ன பார்த்தே? அத மட்டும் சொல்லு."

"அதத்தான் பிரிச்சுக்கிட்டிருக்கேன்."

"பிரிக்கிறதுக்கு இது பட்டாணியா? தள்ளினானா, இல்லையா?"

"எனக்குத் தெரிஞ்சா உனக்குச் சொல்ல மாட்டேனா? இன்னைக்கு என்னைய நம்பாத. நானே நம்பல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி சேலையை எடுத்தாள். எதையோ மறைக்கிறாள் என்று நினைத்தேன். வாயில் வந்ததை எல்லாம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

கீழே வந்தால் எங்கள் தாய்மாமா காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஊரில் நாலு பேருக்குப் பஞ்சாயத்துப் பேசுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "அந்தக் காலனிக்காரியா சாட்சி? இந்த ஒரு நாளுக்குத்தான அவுக காத்துக்கிட்டிருப்பாக. விடுவாளா?" என்றார். நான் தடுப்பதற்குள் அவர் அவள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார். அவள் படியில் பாதி இறங்கி நின்றாள். அவர் படியில் கால் வைக்கவில்லை.

"சாட்சி சொல்றது பார்த்துச் சொல்லணும்மா. ஊருல உங்கம்மா இன்னும் நம்ம பக்கந்தான இருக்காங்க. நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்காங்க. இத மெரட்டல்னு நான் சேர்த்துக்கவா, இல்ல நலம் விசாரிச்சீங்கன்னு விட்டுறவா?"

மாமா வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு காருக்குத் திரும்பினார். இனி இவள் நமக்குச் சாதகமாக ஒரு எழுத்துச் சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் வெளியே போய்ப் பேசினார். முத்து கண் திறக்கவில்லை.

சாயங்காலம் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மேஜைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். ரைட்டர் பக்கத்தில் பேனாவோடு. நானும் மாமாவும் சுவரோரம் நின்றோம். பாண்டியை உள்ளிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். சட்டை இல்லாமல் பனியனோடு நின்றான்.

"சொல்லுங்க மேடம். என்ன பார்த்தீங்க?"

"கொடியில துணி போட்டுக்கிட்டிருந்தேன். எதிர் மாடி விளிம்புல முத்து உக்காந்திருந்தாரு. இவரு கத்திக்கிட்டே மேல வந்தாரு. 'எறங்குடா கீழ'ன்னு. முத்து எந்திரிச்சு நின்னாரு. இவரு கிட்டக்கப் போயி வலது கைய அவரு நெஞ்சுல வச்சாரு. வெரலு விரிஞ்சிருந்துச்சு."

ரைட்டரின் பேனா ஓடியது. மாமா என் முழங்கையை அழுத்தினார்.

"அப்புறம்?"

"காத்துல என் சேலை எழும்பி முன்னால வந்துருச்சு. அது விலகுறப்ப முத்து அங்கன இல்ல. கூரை உடையிற சத்தம் கேட்டுச்சு."

"அப்ப தள்ளிட்டான்."

"அது சேலைக்குப் பின்னால நடந்தது சார்."

"தள்ளினத நீங்க பார்க்கலங்கிறீங்களா?"

"அதுலதான் எனக்குச் சிக்கல். நான் பார்த்தேன்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"இப்பக் கண்ண மூடினாலும் தெரியுது. முழங்கை மடங்கி நீளுது. உள்ளங்கை நெஞ்சுல அழுந்துது. காலையில நீங்க கேட்டப்பவே பதில் சொல்லியிருந்தா, தள்ளினான்னு கையெழுத்துப் போட்டிருப்பேன். சத்தியமும் பண்ணியிருப்பேன். மத்தியானம் பூரா அதே சேலைய அதே எடத்துல போட்டு, அதே எடத்துல நின்னு பார்த்தேன். சேலை எழும்புனா இவுக மாடியே மறைஞ்சு போகுது. ஒண்ணுமே தெரியாது. அப்ப நான் பார்த்த அந்தக் கை எங்கருந்து வந்துச்சு?"

"மேடம், எனக்குக் கோர்ட்டுல சொல்ற மாதிரி ஏதாச்சும் சொல்லுங்க."

"சொல்றேன். கொஞ்சம் பொறுங்க."

அவள் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"எங்க ஊருல இவுக தெரு வழியாத்தான் ரோட்டுக்குப் போகணும். எங்காளுக அந்தத் தெருவுல சைக்கிள் மேல ஏறிப் போகக்கூடாது. எறங்கி உருட்டிட்டுப் போகணும். காலேஜுல சேர்ந்த மொத வருசம், அன்னைக்குப் பரீட்சை, நேரமாயிருச்சு. நான் எறங்காமப் போனேன். ஒரு பையன் குறுக்க வந்து நின்னான். மீசை மொளைக்காத பையன். 'எறங்குடி கீழ'ன்னான். நான் கால ஊன்றதுக்குள்ள நெஞ்சுல கைய வச்சுத் தள்ளினான். சைக்கிளோட சாக்கடையில விழுந்தேன். வாசல்ல இருந்தவுக யாரும் ஒண்ணும் சொல்லல. நனைஞ்ச தாவணியோட தெரு முடியிற வரைக்கும் உருட்டிக்கிட்டுப் போனேன். அப்படியே போயி பரீட்சை எழுதினேன்."

ரைட்டர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"அந்தக் கைதான் இது. முழங்கை மடங்கி நீள்றது, உள்ளங்கை அழுந்துறது, எல்லாம் அன்னைக்குப் பார்த்தது. இன்னைக்கு 'எறங்கு'ன்னு அதே மாதிரி ஒரு சத்தம் கேட்டதும், சேலை மறைச்ச எடத்துல என் மனசு அதக் கொண்டாந்து வச்சுருச்சு. அம்புட்டுப் பொருத்தமா வச்சிருக்கு, தையல் தெரியல. அந்தப் பையன் இவருதான்."

நான் பாண்டியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளுக்கு எத்தனை ரவிக்கை தைத்திருக்கிறேன், அவள் நெஞ்சளவு எனக்கு மனப்பாடம். ஊர்ப்பேச்சு ஏன் எங்களுக்குள் வரவில்லை என்று அந்த நிமிடம் தெரிந்தது. என் தம்பியை அங்கேயே செருப்பால் அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவனை வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும் போலவும் இருந்தது.

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "அதான் சார், பார்க்கலைன்னு அதுவே சொல்லிருச்சுல்ல. தள்ளலைன்னு எழுதிக்கங்க."

அவள் மாமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்.

"அப்படி எழுதாதீங்க. தள்ளலைங்கிறதையும் நான் பார்க்கல. கை வச்சது வரைக்கும் எழுதுங்க. வெரலு விரிஞ்சிருந்தத எழுதுங்க. சேலைய எழுதுங்க. அதுக்கு மேல ஒண்ணு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். எழுந்தபோது பாண்டிக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள்.

"நான் உங்களக் காப்பாத்தினேன், மன்னிச்சுட்டேன்னு எதையும் சேர்த்துக்காதீங்க. எனக்கு இன்னும் ஆறல."

நான் அவள் பின்னால் வெளியே ஓடினேன். ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள். "டீச்சரு" என்றேன். அவள் "நாளைக்குப் பேசுவோம்" என்றாள். ஆட்டோ போய்விட்டது.

முத்து அந்த வாரத்திலேயே கண் திறந்தான். இடுப்பிலும் காலிலும் எலும்பு முறிந்திருந்தது, பேச்சுத் தெளிவாக இருந்தது. பின்னால் எடுத்து வைத்த கால் மாடியில் கிடந்த தண்ணீர் பைப்பில் வழுக்கியது என்று போலீஸில் சொன்னான். தவறி விழுந்த கேஸ் என்று ஆகி, பாண்டி வீட்டுக்கு வந்தான். மகளின் நிச்சயதார்த்தத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தோம்.

வந்த அன்று பாண்டி கடையில், அவள் உட்காருகிற அதே ஸ்டூலில் உட்கார்ந்தான். நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, தள்ளத்தான் கைய வச்சேன். கோவத்துல. அழுத்தவும் செஞ்சேன். அவன் சாஞ்சதும் பதறிப்போயி சட்டையப் புடிச்சேன். பட்டன்தான் கையில வந்துச்சு. அவன் விழுந்தது கால் வழுக்கியா, என் கையாலயான்னு எனக்கே தெரியல. முத்து எனக்காகச் சொல்றான்."

"சைக்கிள்?"

"அது ஞாபகம் இருக்கு. நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கு எல்லாரும் என்னைய மெச்சுனாக."

நான் அவனை அடிக்கவில்லை. அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தெருவைக் கடந்து போனேன். அவளிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. அவன் சொன்னது அத்தனையும் சொன்னேன். அழுத்தினது, சட்டையைப் பிடித்தது, பட்டன். நீ பார்த்த கை பொய் இல்லை டீச்சரு என்றேன்.

அவள் விடைத்தாள்களை மூடி வைத்தாள்.

"இப்ப அது நெசம்னு ஆனாலும், அன்னைக்கு நான் பார்க்கல."

"போயி மாத்திச் சொல்லுவியா?"

"முத்து சொல்லட்டும், உன் தம்பி சொல்லட்டும். அவுகதான் அந்தச் சேலைக்கு அங்கிட்டு இருந்தவுக."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கடைக்கு வரவில்லை. மறுபடி வந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்தாள், நான் தெருக்கதை ஆரம்பித்தேன், அவள் குறுக்கே கேட்டாள். வெளிப்பார்வைக்கு எல்லாம் பழையபடி ஆனது. எனக்குத்தான் அளவெடுக்க டேப்பை அவள் நெஞ்சைச் சுற்றிக் கொண்டுபோகும்போது கை கூசும். அவள் அதைக் கவனித்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் கடையில் பேசிக்கொண்டிருந்தோம். பாண்டி தெருமுனையில் வருவது கடைக் கண்ணாடியில் தெரிந்தது. அவள் வழக்கம்போல எழுந்து தன் வீட்டு வாசலுக்குப் போனாள். பாண்டியின் பைக் அவள் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. அவன் இன்ஜினை அணைத்தான். இறங்கினான். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், அவள் வாசலைத் தாண்டுகிற வரைக்கும் வண்டியை உருட்டிக்கொண்டு போனான். தாண்டின பிறகு ஏறி உட்கார்ந்து உதைத்தான். மறுநாளும் அப்படித்தான் செய்தான். அதற்கு மறுநாளும் செய்தான். மைக் செட் சாமான் ஏற்றின நாளில் பைக் கனத்துத் தள்ளாடும், அப்போதும் இறங்கி உருட்டினான். தெருவில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் அவன் தாண்டினதும் அவள் வாசலுக்கே போய்க் கேட்டேன்.

"எதுக்கு உருட்டுறான்னு ஒனக்குத் தெரியுதுல்ல?"

"வண்டிய உருட்டிட்டுப் போறாரு. அம்புட்டுத்தான் நான் பார்த்தது."

"எதையும் சேர்த்துக்கலயா?"

அவள் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்றுத் தள்ளிப் பாண்டி வண்டியை உதைக்கிற சத்தம் கேட்டது.

"சேர்க்கத்தான் தோணுது டெய்லரம்மா. அதான் பயமாயிருக்கு."

அடுத்த வருடம் அவளுக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. ஊரிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். போன புதிதில் போனில் பேசினோம், பிறகு குறைந்துபோனது. கடைசியாகத் தைத்த ரவிக்கை ஒன்று அவள் வாங்காமல் விட்டுப்போனது என் அலமாரியில் இருக்கிறது. எதிர்வீட்டு மாடிக்கு ஒரு செல்போன் கடைக்காரர் குடும்பம் வாடகைக்கு வந்தது. கொடியில் இப்போது அவர்கள் வீட்டு லுங்கியும் நைட்டியும் காய்கின்றன.

பாண்டி இன்னும் இறங்கித்தான் போகிறான். "அவதான் இல்லையேடா" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "தெரியும்க்கா" என்றான். தெரிந்தும் அந்த வாசல் வந்தால் அவன் கால் தரையில் ஊன்றிவிடுகிறது.

போன வாரம் அந்தக் குடித்தனக்காரப் பெண் ரவிக்கை தைக்க வந்தாள். அளவு கொடுத்துக்கொண்டே வாசலைப் பார்த்தாள். பாண்டி உருட்டிக்கொண்டு போனான்.

"அக்கா, உங்க தம்பி வண்டிக்கு என்ன ரிப்பேரு? தெனமும் எங்க வீட்டுக்கிட்ட வந்துதான் நின்னுபோகுது."

எனக்கு வாய் நீளம் என்று முதலிலேயே சொன்னேன். கதை முழுவதும் நாக்கு நுனி வரை வந்தது. டேப்பைக் கையில் சுருட்டினேன்.

"வண்டிய உருட்டிட்டுப் போறான். நான் பார்த்தது அம்புட்டுத்தான். கைய நீட்டு, அளவெடுக்கணும்."